நாச்சில்லு விலக்கு

கேக் வெட்டி முடித்ததும் செந்தூரனுக்கு நாக்கின் அடியில் சில்லு வைத்தார்கள்.

நிழலூரில் ஐந்தாவது பிறந்தநாள் இப்படித்தான் நடக்கும். முதலில் கேக், பிறகு சில்லு, அதன் பிறகு பரிசுகள். இந்த வரிசையை யாரும் மாற்றுவதில்லை. பரிசு வாங்கும் நேரத்தில் பிள்ளையின் வாய் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? சுகாதாரக் கூடத்திலிருந்து வந்த செவிலி பேனா போன்ற ஒரு கருவியை அவன் நாக்கின் அடியில் வைத்து அழுத்தினாள். அரிசிக் குருணை அளவில் ஏதோ உள்ளே போனது. வலி இல்லை. பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவள் தன் பங்குக் கேக்கோடு மூலையில் உட்கார்ந்தாள்.

பத்து நிமிடம் கழிந்ததும் பக்கத்து வீட்டு இசக்கி முதல் பரிசைக் கொடுத்தாள். ஒரு பொம்மை ஊர்தி. செந்தூரனின் கை அதைத் தொட்டதும் வாய் திறந்தது.

"நன்றி."

எல்லோரும் கை தட்டினார்கள். செந்தூரன் வாயைப் பொத்திக்கொண்டான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறவன் மாதிரி அம்மாவைப் பார்த்தான். இரண்டாவது பரிசு வந்தது. "நன்றி." மூன்றாவது பரிசு வந்தபோது அழ ஆரம்பித்தான். அழுத வேகத்தில் ஊர்தி கை நழுவி, நிலவின் இழுப்புக்கு ஏற்ப மெதுவாக இறங்கி, செவிலியின் காலில் பட்டது. "மன்னிக்கவும்" என்றது வாய். அழுகை, நன்றி, மன்னிப்பு மூன்றும் ஒரே வாயிலிருந்து மாறி மாறி வந்தன.

"எம்புட்டுத் தெளிவா சொல்லுதான் பாருங்க," என்று அவன் அம்மா கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே எனக்கு ஒரு கவலையும் இல்ல." பிறகு இசக்கியிடம் திரும்பினாள். "உன் மகளுக்கு அடுத்த மாசம்லா? செவிலிகிட்ட இப்பவே சொல்லி வச்சிரு."

இசக்கியின் மகள் தும்பை மேசைக்கு அடியில் உட்கார்ந்து, செந்தூரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு வைக்கல அக்கா," என்றாள் இசக்கி. "விலக்கு கேட்டு எழுதிப் போட்டிருக்கோம்."

கை தட்டல் நின்றுவிட்ட நேரம் அது. எல்லோர் காதிலும் விழுந்தது.

நிழலூர் நிலவின் தென்முனையில், வெயிலே விழாத ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கிறது. அங்கே பனிக்கட்டியை வெட்டி எடுத்துத் தண்ணீரும் காற்றும் செய்கிறார்கள். நாலாயிரம் பேர். இரண்டு ஆள் ஒட்டி நடக்கும் அகலத்தில் வழிகள். ஊர் உண்டான புதிதில், உணவுக்கூட வரிசையில் ஒருவன் இன்னொருவன் காலை மிதித்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. வாய்ச் சண்டை கைச் சண்டையானது. யாரோ தள்ளியதில் யாரோ அவசரக் கைப்பிடி மேல் விழ, காற்றுக் கதவு திறந்து, உள்ளிருந்த காற்றெல்லாம் வெளியே போனது. பதினோரு பேர் செத்தார்கள். ஒரு சொல் குறைந்ததற்குப் பதினோரு உயிர்.

அதன் பிறகுதான் நாச்சில்லு வந்தது. கொடுப்பவரின் சில்லு சைகை அனுப்பும். வாங்குபவரின் சில்லு அதைப் பெற்று, நாக்கையும் தொண்டையையும் அசைத்து, முக்கால் நொடியில் நன்றி சொல்லும்; மிதித்தாலோ இடித்தாலோ மன்னிப்பும் கேட்கும். உடனே மற்றவர் வாய் "பரவாயில்லை" என்று சொல்லும். இரண்டு பேரும் வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருக்கலாம், வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். சில்லு வந்து முப்பது வருடமாகிறது. நிழலூரில் யாரும் யார் மேலும் கை ஓங்கியதில்லை. இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இசக்கியும் குறை சொன்னதில்லை. அவள் கேட்டதெல்லாம் தன் மகளுக்கு மட்டும் வேண்டாம் என்பதுதான்.

அவள் அப்படிக் கேட்கக் காரணம் மாசானம் என்கிற ஒரு சுரங்கத் தொழிலாளி.

ஆறு வருடத்துக்கு முன்னால் இசக்கியின் கணவன் சுடலை பனிச் சரிவில் மாட்டிக்கொண்டான். ஒன்பது மணி நேரம். மீட்புப் பொறிகள் பாதி வழியில் நின்றுவிட்டன. மாசானம்தான் கையால் பனியைத் தோண்டிப் போய், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சுரங்க வாசலில் நின்ற இசக்கியின் கையில் கணவனின் கையைப் பிடித்து வைத்தான். அவள் மாசானத்தின் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சிலிருந்து என்னவோ மேலே ஏறியது. அது தொண்டைக்கு வருவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"நன்றி."

"பரவாயில்லை," என்றது மாசானத்தின் வாய்.

அவ்வளவுதான். சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது. தோசைக்குச் சொல்வதும் அதே சொல், அதே சத்தம், அதே முக்கால் நொடி. மேலே ஏறியது ஏறிய இடத்திலேயே நின்றது. நிழலூரில் சில்லு சொன்னதை மறுபடி தன் வாயால் சொல்வது கேலி செய்வதாகும். முகத்துக்கு நேராகப் பழிப்புக் காட்டுவதற்குச் சமம். அதனால் இசக்கி சொல்லவில்லை. தண்ணீர் வரிசையில் வாரம் இருமுறை மாசானத்தைப் பார்ப்பாள். அவன் தலையசைப்பான். இவளும் அசைப்பாள். ஆறு வருடமாக அது அங்கேயே நிற்கிறது.

அந்த ஒன்பது மணி நேரம் வேறு மாதிரி முடிந்திருந்தால் தும்பை பிறந்திருக்க மாட்டாள்.

தும்பைக்கு ஒரு வயது இருக்கும்போது, பாதி சப்பிய ஈர பிஸ்கட்டை அம்மாவின் வாயில் திணித்தாள். இசக்கி வழக்கம்போல் வாய் திறக்கும் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை. குழந்தையிடம் சில்லு இல்லை; கொடுத்ததாகச் சைகை வராது; அதனால் வாங்கியவளின் சில்லும் அசையாது. நிழலூரில் எல்லாத் தாய்க்கும் இது நடப்பதுதான். குழந்தைகள் கொடுப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இசக்கியும் சிரித்துவிட்டு பிஸ்கட்டைத் தின்றாள். ஆனால் தொண்டை காலியாக, யாரும் பேசாத வீடு மாதிரி இருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. மகள் கொடுக்கும்போது மட்டுமாவது நானே சொல்லைத் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். இவளாவது தன் சொல்லைத் தானே தேடிக்கொள்ளட்டும் என்றும் நினைத்தாள்.

"எனக்கெல்லாம் சில்லு நல்லாத்தான் இருக்கு," என்றான் சுடலை, அவள் விலக்குக் கேட்கப்போவதாகச் சொன்னபோது. "குறட்டைகூட மரியாதையாத்தான் விடுதேன்."

"உங்களுக்கு எல்லாம் வெளாட்டுதான்," என்று தட்டை அவன் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"நன்றி," என்றது அவன் வாய்.

"பரவாயில்லை," என்றது அவள் வாய். கோபம் பாதியில் அறுந்தது. நிழலூர்க் கணவன் மனைவிக்கு ஒழுங்காக ஒரு சண்டை போட்டு முடித்த வரலாறே கிடையாது.

விலக்குத் தேர்வு எளிமையானது. குழந்தைக்கு ஒரு பொருள் கொடுப்பார்கள். ஒரு நிமிடத்துக்குள் குழந்தை ஒரு முறை நன்றி சொல்ல வேண்டும். பெற்றோரில் ஒருவர் உடன் இருக்கலாம். தேர்வில் தேறினால் சில்லு கிடையாது. தேறாவிட்டால் அன்றைக்கே, அங்கேயே வைத்து அனுப்புவார்கள். முப்பது வருடத்தில் விலக்குப் பெற்றவர்கள் எட்டே பேர்.

சிக்கல் என்னவென்றால், தும்பை அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவள் ஊமையும் இல்லை, திமிர் பிடித்தவளும் இல்லை. யாராவது எதையாவது கொடுத்தால், தன் கையில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து நீட்டுவாள். காற்றுக் குழாய் பழுது பார்க்க வந்தவர் அவளைத் தூக்கிக் குழாய்க்குள் எட்டிப் பார்க்கவிட்டார். அதற்குக் கடித்த முறுக்கில் பாதி. ஊசி போட்ட செவிலிக்கு ஒரு பொத்தான். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் அவர்கள் காலோடு சாய்ந்து நின்றுவிடுவாள். வாங்கியவர்களின் சில்லு அசையாது. பாவம், அவர்கள் முறுக்கும் கையுமாக, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். குழாய்க்காரர் மட்டும் ரொம்ப நேரம் கழித்து, கரகரத்த குரலில், "உப்பு சரியா இருக்கு" என்றார்.

இசக்கி நாலு வாரம் மகளுக்குப் பாடம் எடுத்தாள்.

"இந்தா பால். அம்மா குடுத்தா என்ன சொல்லணும்?"

"சூடா இருக்கு."

"அதில்லட்டி. வாங்குன ஒடனே ஒண்ணு சொல்லணும்லா?"

தும்பை யோசித்தாள். "சீனி போடலையா?"

சுடலை சிரித்ததில் அவன் குடித்த பால் மூக்கு வழியாக வந்து, உருண்டைகளாக மிதந்து இறங்கியது.

"நீங்க சும்மா இருங்க. ஏ தும்ப, இங்க பாரு. நன்றின்னு சொல்லு."

"எதுக்கு?"

"குடுத்தாச் சொல்லணும். அதான் மரியாதை."

"அது கதவுச் சத்தம் மாதிரில்லா," என்றாள் தும்பை. "கதவு மூடுனா டிங்னு வரும். யாராச்சும் குடுத்தா வாய்க்குள்ள நன்றின்னு வரும். எனக்கு இன்னும் வரல. வரும்போது வரும்."

நாலு வருடமாக இந்தப் பிள்ளை அதை ஒரு சொல் என்றே நினைக்கவில்லை. பெரியவர்களின் வாயிலிருந்து வரும் ஒரு சத்தம் என்றே நினைத்திருக்கிறாள். எல்லோர் வாயிலும் ஒரே சுருதியில் வந்தால் வேறு எப்படி நினைப்பாள்?

"அது சொல்லுதான்ட்டி. மனசுல இருந்து வரது."

"உனக்கு மனசுல இருந்தா வருது?"

இசக்கி எழுந்தாள். பால் தம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

நாலு வாரமும் அப்படியே போயின. பழம் கொடுத்தாள், பந்து கொடுத்தாள், கெஞ்சினாள், பாடிக் காட்டினாள். தும்பை வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒன்றைத் திருப்பித் தந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் இசக்கியின் மடியில் பதினேழு பொத்தான்களும் ஒரு ரப்பர் வளையமும் சேர்ந்திருந்தன. சொல் மட்டும் வரவில்லை.

"வரலைன்னா வச்சிருவோம்," என்றான் சுடலை. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "நாமளும் அதோடதான வாழுதோம். செத்தா போயிட்டோம்?"

"சாகல," என்றாள் இசக்கி. "வேற என்ன சொல்ல?"

தேர்வு நடக்கும் பண்பாய்வுக் கூடம், செடி வளர்க்கும் பசுங்கூடத்துக்கு மேலே இருந்தது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, மூலையில் செவிலிக்கு ஒரு முக்காலி. செவிலி வந்து உட்கார்ந்துவிட்டாள். பேனா போன்ற கருவி அவள் மடியில் இருந்தது. பண்பாய்வாளர் எஸ்தர் ராணிக்கு ஐம்பது வயதிருக்கும். இருபது வருடமாக இதே நாற்காலி. இடது மணிக்கட்டில் ஒரு பழைய நிறுத்துக் கடிகாரம் கட்டியிருந்தாள்.

"உக்காருங்க. பிள்ளை பேர் என்ன?"

"தும்பை."

"நான் அவகிட்டத்தான் கேட்டேன்."

"தும்பை," என்றாள் தும்பை. "உங்க பேரு?"

"எஸ்தர் டீச்சர்." அவள் இசக்கியைப் பார்த்தாள். "நீங்க உங்க பாட்டுக்கு இருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆரம்பிக்கலாமா?"

மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உரித்த ஆரஞ்சை எடுத்தாள். நிழலூரில் ஆரஞ்சு வருடத்துக்கு ஒருமுறை, ஆளுக்குப் பாதி. தும்பையின் கண் விரிந்தது. எஸ்தர் ராணி பழத்தை அவள் இரண்டு கையிலும் வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினாள்.

தும்பை பழத்தை முகர்ந்தாள். திருப்பிப் பார்த்தாள். இசக்கி மனதுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தாள், மகளின் வாய்க்கு அது எட்டிவிடும் என்பது போல.

பத்து நொடி.

தும்பை விரலை நடுவில் விட்டு ஒரு சுளையைப் பிரித்தாள். மெல்லிய சாறு தெறித்து மணியாகக் காற்றில் மெதுவாக இறங்கியது. சுளையை எடுத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கி, மேசையைச் சுற்றிப் போய், எஸ்தர் ராணியின் உள்ளங்கையில் வைத்தாள். நல்ல பெரிய சுளை. அங்கேயே அவள் முழங்காலோடு சாய்ந்து நின்றாள்.

முப்பது நொடி.

எஸ்தர் ராணியின் சில்லு அசையவில்லை. அவள் சுளையைப் பார்த்தாள். இருபது வருடத்தில் இந்த அறையில் பழம் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டன. அவள் சுளையை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்றாள். கடிகாரத்தை நிறுத்தவில்லை.

நாற்பது நொடி. மூலையில் செவிலி கருவியின் மூடியைக் கழற்றினாள். அந்தச் சின்னச் சத்தம் இசக்கியின் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் யோசித்து எதையும் செய்யவில்லை. எழுந்து, மகளை இழுத்துத் தன் பக்கம் நிறுத்தினாள். இடது கை தும்பையின் முதுகில் படிந்தது. வலது கை தொடையில் ஒரு கிள்ளு வைத்தது.

"டீச்சருக்கு என்ன சொல்லணும்? சொல்லுட்டி. நன்றி சொல்லு. நல்ல பிள்ளைல்லா? சொல்லு!"

தும்பையின் கண் நிரம்பியது. அவள் எஸ்தர் ராணியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அந்த முகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல்.

"நன்றி," என்றாள்.

எஸ்தர் ராணி கடிகாரத்தை அழுத்தினாள். ஐம்பத்தொரு நொடி. குறித்துக்கொண்டாள்.

இசக்கி நாற்காலியில் விழுந்தாள். நாலு வாரம் கெஞ்சியபோதுகூட அவள் மகளை அடித்ததில்லை, கிள்ளியதில்லை. எந்தக் கை அது?

"மேடம், நான் கிள்ளிட்டேன்," என்றாள். "அவளா சொல்லல. நான்தான் சொல்ல வச்சேன். அப்படியே எழுதிக்கோங்க."

"எழுதிட்டேன்."

"ஆனா மேடம், அந்தச் சுளை. அதுதான் அவ சொன்னது. நீங்களும் பாத்தீங்கல்லா? அத எழுதக் கூடாதா?"

"அத எழுத இங்க எடமில்ல," என்றாள் எஸ்தர் ராணி, தாளைக் காட்டி. "நன்றி சொன்னாளா, எத்தன நொடியில, யார் சொல்லி. மூணே கட்டம்."

"அப்ப தோத்துட்டோம்."

"யாரு சொன்னா?" எஸ்தர் ராணி செவிலியின் பக்கம் கையைக் காட்டினாள். "மூடிய மாட்டும்மா. வேல இல்ல."

இசக்கிக்குப் புரியவில்லை. எஸ்தர் ராணி நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள்.

"சில்லுக்குள்ள என்ன இருக்குன்னு நெனச்சீங்க?"

"ஏதோ மின்சாரம்."

"உங்கள மாதிரி ஓராயிரம் அம்மா இருக்காங்க."

சில்லைச் செய்த பொறியாளர்களுக்கு மரியாதை என்றால் என்னவென்று தெரியவில்லை. பொறிக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று குழம்பிப் போய், பூமியின் பழைய வீட்டுப் படக்காட்சிகளை வரவழைத்தார்கள். கல்யாண மண்டபங்கள், பேருந்து நிலையங்கள், வீட்டு வாசல்கள். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. விருந்தாளி ஒருவர் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிறார். பிள்ளை மிட்டாயைப் பார்க்கிறது. தாயின் கை பிள்ளையின் முதுகுக்குப் போகிறது. "மாமாவுக்கு என்ன சொல்லணும்?" பிள்ளை நெளிகிறது. ஒரு கிள்ளு. பிள்ளை சொல்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், பிள்ளையை நன்றாக வளர்த்திருப்பதாகச் சொல்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேலே காட்சிகள். அவற்றில் ஒன்றில்கூட அந்தத் தாய் அந்த மாமாவுக்கு நன்றி சொல்லவில்லை. சுவர் ஓரமாக மேசை துடைத்துக்கொண்டிருந்த ஆளுக்கு யாருமே சொல்லவில்லை.

"முதல்ல செஞ்ச சில்லு நாக்குல லேசாக் கிள்ளும். அம்மா கொரல்ல 'சொல்லு'ன்னு சொல்லும்," என்றாள் எஸ்தர் ராணி. "பிள்ளைங்க அம்மாவத் தேடிட்டு அழுதுச்சு. அதனால கொரல எடுத்துட்டாங்க. மத்தது அப்படியே இருக்கு. அம்மா எல்லா எடத்துக்கும் கூட வர முடியாதுன்னுதான் சில்லு. கூட வந்து கிள்ளுத அம்மா இருந்தா, சில்லு எதுக்கு?"

"அப்ப தேர்வு பிள்ளைக்கு இல்லையா?"

"எட்டு விலக்கும் இப்படித்தான் குடுத்தது. இது ஒம்பது."

"தானாச் சொன்ன பிள்ளை யாருமே வரலையா?"

எஸ்தர் ராணி கடிகாரத்தின் பட்டையைத் திருகினாள்.

"ஒருத்தன் வந்தான். ரெண்டு வருஷம் இருக்கும். அவங்க அப்பா வாயே தொறக்கல. பழத்தப் பாத்தான், என்னப் பாத்தான், தானாச் சொன்னான். மொத தடவையா அந்தச் சொல் எப்படி இருக்கும்னு கேட்டேன். ஆனா விலக்கு குடுக்க முடியல."

"ஏன் மேடம்?"

"யார் சொல்லியும் சொல்லலையே. எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாத ஒண்ணு நாளைக்கும் வரும்னு யாரு கையெழுத்துப் போடுவா? அன்னைக்கே வச்சு அனுப்பிட்டோம்."

அவள் சான்றை நிரப்பி, முத்திரை குத்தி, மேசை மேல் திருப்பி வைத்தாள். இசக்கி அதைக் குனிந்து படித்தாள்.

'குழந்தைக்கு நாச்சில்லு தேவையில்லை. புறச்சில்லு ஏற்கெனவே உள்ளது. வகை: தாய். தூண்டலுக்கும் சொல்லுக்கும் இடையில்: இரண்டு நொடி. பழகப் பழகக் குறையும். பதினெட்டு வயது வரை இயக்கத்தில் இருக்க வேண்டும்.'

இசக்கிக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமும் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. எதற்குப் பயந்து கேட்டாளோ, தானே அதுவாக இருந்ததால் கிடைத்தது. எஸ்தர் ராணியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சான்றை எடுக்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வழியில் யாரும் இல்லை. பசுங்கூடத்தின் இலை வாசனை கீழேயிருந்து ஏறி வந்தது. இசக்கி சுவரோரம் மண்டியிட்டு மகளின் தொடையைத் தடவிவிட்டாள். இரண்டு நகம் பதிந்து சிவந்திருந்தது.

"வலிக்குதாட்டி?"

"வலிக்கல," என்றாள் தும்பை. கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தைப் படித்தாள். பிறகு கையிலிருந்த ஆரஞ்சில் ஒரு சுளையைப் பிய்த்து நீட்டினாள். "உனக்கு."

கிள்ளியவளுக்கு ஒரு சுளை. இசக்கி வாங்கிக்கொண்டாள். சில்லு அசையவில்லை. தொண்டை காலியாக இருந்தது. அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அவள் தேட வேண்டியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் பல லட்சம் முறை வாயில் வந்து போன சொல். அதன் முதல் எழுத்தை உருட்டவே நாக்கு தடுமாறியது. குரல் உடைந்து, சுருதி தப்பி, வேறு யாருடையதோ போல வந்தது.

"நன்றி, தும்ப."

"இவ்வளவு நேரமாம்மா?" என்றாள் தும்பை.

"தேட வேண்டியிருந்துச்சு."

தும்பை ஏதோ யோசித்துத் தலையாட்டினாள். அது கதவுச் சத்தம் மாதிரி இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இசக்கி சுளையை வாயில் வைத்தாள். அவளுக்கு நன்றாக இருந்தது. உலகத்தில் எல்லோர் மேலும், இந்தக் குறுகலான வழி மேலும், கீழே காற்றுச் செய்துகொண்டிருக்கும் யார் யார் மேலோ, அவளுக்கு நன்றியாக இருந்தது. இன்றைக்கே போக வேண்டும். மாசானத்தின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கேலி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எவ்வளவு நேரமானாலும் நின்று, தேடி, சொல்லிவிட்டு வர வேண்டும்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. எஸ்தர் ராணி மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் சான்று.

"இத விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

வந்த வேகத்தில் குனிந்து, தாளைத் தும்பையின் கையில் கொடுத்தாள். தும்பை வாங்கிக்கொண்டு, மீதிப் பழத்திலிருந்து அடுத்த சுளையைப் பிரிப்பதற்காக விரலை நடுவில் விட்டாள். கொடுப்பதற்குள் அம்மாவின் கை முதுகில் வந்து விழுந்தது.

"டீச்சருக்கு என்ன சொல்லணும்?"

"நன்றி," என்றாள் தும்பை.

எஸ்தர் ராணியின் விரல் பழக்கத்தில் கடிகாரத்தை அழுத்தியது. ஒன்றரை நொடி.